ஆந்திரே கூர்னான்

மூச்சே உயிர் என்பது யாவரும் அறிந்ததே. ஆயின் அம்மூச்சையும் அளவறியாது ஊட்டினால் இருதயம் தளரும் என்பதை மனிதரிடத்து அளந்து காட்டிய பெரியார் ஆந்திரே கூர்னான் ஆவர். அவர்தம் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1895-ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரிற் பிறந்தார். தந்தையார் பல் வைத்தியர். வைத்தியக் கல்வி பயிலுங்கால் முதல் உலகப் போர் மூளவே, பிரெஞ்சுப் படையிற் சேர்ந்து, காயமுற்றோர்க்குத் தொண்டாற்றி, வீரப் பதக்கமும் பெற்றார். 1930-இல் பட்டம் பெற்றபின் அமெரிக்கா சென்று, நியூயார்க் நகரத்துப் பெல்வியூ வைத்தியசாலையில் அமர்ந்தார். ஆங்கு டிக்கின்ஸன் ரிச்சர்ட்ஸ் என்பாருடன் கூடிப் பல்லாண்டு உழைத்தார். நுரையீரலையும் இருதயத்தையும் பிரித்து ஆராய்தல் தகாது. இரண்டும் ஒரே தொழிலின் இரு கூறுகள் என்பது அவ்விருவரின் துணிபு.

1929-இல் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்னும் ஜெர்மானிய இளைஞர், தம் கை நாளத்தின் வழியே மெல்லிய குழாயொன்றைத் தம் இருதயம்வரை செலுத்தியிருந்தார். பலர் அதனைப் போற்றவில்லை. கூர்னானோ அம்முறையைப் பொறுமையுடன் திருத்தி, 1941 முதல் நோயாளரிடத்துக் கையாண்டார். இருதயம் நிமிஷந்தோறும் வெளியிடும் இரத்தத்தின் அளவு இதனால் செவ்வையாய்ப் புலனாயிற்று.

இனி, மார்பைத் திறந்து ரண சிகிச்சை செய்யுங்கால், யந்திரமே நோயாளியின் நுரையீரலுட் காற்றைச் செலுத்துதல் வேண்டும். இயற்கையாய் மூச்சை உள்ளிழுக்குங்கால் மார்பினுள் அழுத்தம் தாழ்ந்து, இரத்தம் இருதயத்தை நோக்கி எளிதில் ஓடிவரும். யந்திரம் காற்றை உந்துங்காலோ அழுத்தம் ஏறும். இரத்தத்தின் வரவு குன்றும். வரவு குன்றவே செலவும் குன்றும். கூர்னானும் துணைவரும் 1948-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதனை விளக்கியது. அழுத்தம் படிப்படியாய் ஏறி, விரைந்து இறங்கி, வெளிமூச்சின் நேரம் உள்மூச்சின் நேரத்திற்குக் குறையாதிருப்பின், இருதயம் தான் இழந்ததை அவ்விடைவேளையில் ஈடுசெய்து கொள்ளும் எனக் கண்டனர்.

இரத்தம் இழந்து வாடும் நோயாளிக்கு மிகுந்த அழுத்தம் பெருந்தீங்கு விளைக்கும். இருதயத்தின் இடப்பாகம் தளர்ந்தார் சிலர்க்கோ, அதுவே சுமையைக் குறைத்து நலம் பயப்பதும் உண்டு. ஆதலின் ஆளறிந்து அளவறிதலே வைத்தியன் கடமையாம்.

1956-இல் கூர்னான், ரிச்சர்ட்ஸ், ஃபோர்ஸ்மன் மூவரும் நோபெல் பரிசு பெற்றனர். கூர்னான் 1988-இல் தமது 92-ஆம் வயதிற் காலமானார். பிறர் புறக்கணித்த உண்மையைப் பேணி வளர்த்தமையும், உதவி செய்யுமிடத்தும் அதனால் விளையும் தீங்கை அஞ்சாது ஆராய்ந்தமையும் அவர்பால் நாம் கற்கத்தக்க குணங்கள். நன்மை செய்ய விழையும் மாணவர் யாவரும் இதனை மனத்திற் பதிப்பாராக.