சைரனுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? துளை போட்ட தட்டில் ஒலியை எண்ணிய காக்னியாரின் கதை

அடித்தொண்டையில் முனகுவதுபோல ஆரம்பிக்கும். மெல்ல மெல்ல ஏறி, உச்சத்தில் அலறி, பிறகு இறங்கும். அபாய சங்கின் சத்தம் ஏன் இப்படி ஏறி இறங்குது? பதில் அந்தக் கருவியின் வடிவத்திலேயே இருக்கிறது. அந்த வடிவத்துக்கு அடித்தளம் போட்டவர், 1777ல் பாரிஸில் பிறந்த சார்ல் காக்னியார் டி லா டூர்.

யார் இவர்?

பிரான்ஸின் புகழ்பெற்ற எக்கோல் பாலிடெக்னிக்கில் படித்தவர். ஒரே துறையில் உட்கார்ந்திருக்கும் ஆள் இல்லை. இன்றைக்கு ஒலி, இன்னொரு நாள் வெப்பம், அப்புறம் நுண்ணுயிர் என்று தாவிக்கொண்டே இருந்தார்.

காற்றை விட்டுவிட்டு அனுப்பினால் ஒலி பிறக்கும் என்பதை அவருக்கு முன்பே ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஜான் ராபிசன் 18ம் நூற்றாண்டின் கடைசியில் காட்டிவிட்டார். ஆனால், அதை அளக்கும் கருவியாக்கியது காக்னியார்தான். ஆண்டு 1819.

எப்படி வேலை செய்தது?

காற்றுப் பெட்டி ஒன்று. அதன் மூடியில் வட்டமாகத் துளைகள். மேலே, அதே எண்ணிக்கையில் துளைகள் கொண்ட ஒரு சுழலும் தட்டு. துளையும் துளையும் நேராக வந்தால் காற்று வெளியே பீறிடும், விலகினால் அடைபடும். ஒரு நொடிக்கு இது எத்தனை முறை நடக்கிறதோ, அதுதான் ஒலியின் சுருதி. 12 துளை உள்ள தட்டு நொடிக்கு 40 சுற்று சுற்றினால் 480 அதிர்வு. அவ்வளவுதான் கணக்கு!

இதில் ஒரு சாமர்த்தியமும் உண்டு. மூடியின் துளைகளை ஒரு பக்கமாகவும், தட்டின் துளைகளை எதிர்ப்பக்கமாகவும் சாய்த்து வைத்தார். அதனால் தட்டைச் சுழற்ற தனி இயந்திரமே வேண்டாம். வெளியேறும் காற்றே தள்ளிவிடும். மேலே பொருத்திய பற்சக்கரங்கள் சுற்றுகளை எண்ணிச் சொல்லும். காதால் மட்டும் ஒப்பிட்டு வந்த சுருதியை இப்படி எண்ணாகவே படிக்க முடிந்தது.

காற்றுக்குப் பதிலாகத் தண்ணீரைச் செலுத்தியும் பார்த்தார். தண்ணீருக்கு அடியிலும் அது பாடியது! அதனால்தான் கிரேக்கக் கதைகளின் கடல் மங்கையரான சைரன்களின் பெயரை வைத்தார். பாட்டால் மாலுமிகளை மயக்கிச் சாகடித்தவர்களின் பெயர், பின்னாளில் உயிர் காக்கும் கருவிக்கு நிலைத்துவிட்டது வேடிக்கைதான்.

இன்றைய மோட்டார் சைரனிலும் அதே தத்துவம்தான். தட்டுக்குப் பதில் இறக்கைகள் கொண்ட உருளை காற்றை உள்ளிழுத்து, சுற்றியுள்ள திறப்புகள் வழியாக வெளியே வீசுகிறது. கனமான உருளை உடனே முழு வேகத்துக்கு வராது, மின்சாரத்தை நிறுத்தினாலும் உடனே நிற்காது. சத்தம் ஏறி இறங்குவதற்குக் காரணம் இதுதான். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனில் ஏறி இறங்கும் ஒலி என்றால் விமானத் தாக்குதல் வருது, ஓடி ஒளி. ஒரே சீரான ஒலி என்றால் ஆபத்து நீங்கியது.

சில சைரன்களில் இரண்டு சுருதி சேர்ந்தே கேட்கும். ஒரே அச்சில் ஒரு பக்கம் 10 திறப்பு, மறுபக்கம் 12 திறப்பு வைத்தால் போதும். நிமிடத்துக்கு 2,800 சுற்று என்றால் ஒன்று சுமார் 467 ஹெர்ட்ஸ், மற்றொன்று 560 ஹெர்ட்ஸ். வேகம் எவ்வளவு மாறினாலும் 5க்கு 6 என்ற விகிதம் மட்டும் மாறாது. மேற்கத்திய இசையில் சோகச் சாயல் கொண்டதாகச் சொல்லப்படும் இடைவெளி அது. கேட்டாலே வயிறு கலங்குவதில் அதற்கும் பங்கு இருக்கலாம்.

காதால் கண்டுபிடித்த இன்னொன்று

1822ல் காக்னியார் ஒரு துப்பாக்கிக் குழாய்க்குள் திரவத்தையும் ஒரு கல் உருண்டையையும் போட்டு மூடிச் சூடாக்கினார். குழாயை ஆட்டினால் உருண்டை திரவத்தில் உருளும் சத்தம் கேட்கும். குறிப்பிட்ட வெப்பம் தாண்டியதும் அந்தச் சத்தமே மாறிவிட்டது. உள்ளே திரவம், ஆவி என்ற வித்தியாசமே மறைந்துவிட்டது. இன்று இதை மாறுநிலை என்கிறோம். தண்ணீருக்கு அவர் கணக்கிட்டது 362 டிகிரி செல்சியஸ். இன்றைய அளவு 374. அந்தக் காலத்து வசதிக்கு இது ரொம்பவே நெருக்கம்.

1830களில் மைக்ரோஸ்கோப்பில் ஈஸ்ட் மொட்டு விட்டுப் பெருகுவதைப் பார்த்து, அது உயிருள்ளது, சர்க்கரையைப் புளிக்க வைப்பதே அதுதான் என்றார். ஜெர்மனியில் தியோடர் ஷ்வானும் தனியாக அதே முடிவுக்கு வந்தார். ஆனால், வேதியியலின் ஜாம்பவான்களான லீபிக்கும் வோலரும் 1839ல் பெயர் போடாமல் ஒரு கேலிக் கட்டுரை எழுதினார்கள். ஈஸ்ட்டை, சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலைக் கழிக்கும் குட்டி மிருகமாக வர்ணித்துச் சிரித்தார்கள்.

பிரெஞ்சு அறிவியல் அகாடமியில் காக்னியாருக்கு இடம் கிடைத்தபோது ஆண்டு 1851, வயது 74. ஈஸ்ட் விஷயத்தில் லூயி பாஸ்டர் 1857ல் தொடங்கிய ஆய்வுகள் அவர் பக்கமே சாய்ந்தன. 1859 ஜூலையில், 82வது வயதில், பாரிஸிலேயே அவர் காலமானார்.