தீர்ப்பில் இல்லாத தண்டனை

சுப்பிரமணிய சிவாவை வ.உ.சி.யின் தோழராக, அனல் பறக்கப் பேசியவராகப் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். சிறை அவர் உடலை என்ன செய்தது என்பதை அதிகம் பேசியதில்லை. சிறைக்குள் நோயாளியாகும் ஏழைகளுக்காகப் பேச வேண்டிய நாம் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிவா 1884 அக்டோபர் 4இல் வத்தலக்குண்டில் பிறந்தார். 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு வ.உ.சி.யோடு துணை நின்றார். தொழிலாளர்கள் வென்றார்கள். சில நாட்களிலேயே, மார்ச் 12இல், இருவரும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது; துப்பாக்கிச்சூட்டில் 4 பேர் இறந்தனர். சிவாவுக்கு 10 ஆண்டு தண்டனை. மேல்முறையீட்டில் அது 6 ஆண்டாகக் குறைந்தது.

1912 நவம்பரில் விடுதலையானபோது அவருக்கு வயது 28. உடலில் தொழுநோய் இருந்தது. அதைக் குணமாக்கும் மருந்து அன்று இல்லை. நோயைக் காரணம் காட்டி, ரயிலில் ஏறக் கூடாது என்றது ஆங்கிலேய அரசு. நடந்தும் மாட்டு வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். ஞானபானு இதழை நடத்தினார். நோயோடு இருந்தவரை 1921இல் மறுபடியும் சிறையில் அடைத்தார்கள். 1925 ஜூலை 23இல் பாப்பாரப்பட்டியில், 40 வயதில் இறந்தார்.

சிவா பிறப்பால் பிராமணர். பொது வண்டியில் ஏறவிடாமல் ஒதுக்குவதை நோய் வந்த பிறகு அனுபவித்தார். நம் மக்களுக்கு அந்த ஒதுக்கல் பிறப்போடு வந்தது. இன்று நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் ஆறில் ஒரு பங்கு. சிறைகளிலோ ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். சிறைகளில் சாதிப் பாகுபாடு கூடாது என்று 2024 அக்டோபர் 3இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நமக்குப் பக்கத்தில் உள்ள பாளையங்கோட்டை சிறையின் பெயரும் அந்தத் தீர்ப்பில் வருகிறது.

சிறைக்குள் போகிறவர்களில் குடிக்கு அடிமையானவர்களும் உண்டு. குடி திடீரென நின்றால் கை நடுங்கும், வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிரே போகலாம். இதை நடிப்பு என்று ஒதுக்குவது கொடுமை. சிவா காலத்தைப் போலன்றி இதற்கு மருந்து இருக்கிறது. சட்டமும் இருக்கிறது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் மது, போதைப் பழக்கத்தால் வரும் பாதிப்பையும் மனநோயாகவே கணக்கில் எடுக்கிறது. மாநிலத்தில் ஒரு சிறையிலாவது மனநலச் சிகிச்சைப் பிரிவு வேண்டும் என்கிறது. ஒரு பிரிவு போதாது. ஒவ்வொரு சிறையிலும் மருத்துவர் வேண்டும் என்று நாம் கேட்கிறோம்.

உங்கள் வீட்டுப் பிள்ளை கைதானால், அவருக்குள்ள நோயையும் குடிப்பழக்கத்தையும் மறைக்காமல் மாஜிஸ்திரேட்டிடம் சொல்லுங்கள். சாப்பிடும் மாத்திரைச் சீட்டைக் கொடுத்தனுப்புங்கள். பட்டியல் சாதியினருக்கும் காவலில் உள்ளவர்களுக்கும் இலவச வழக்கறிஞர் பெற உரிமை உண்டு. நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள். நீதிமன்றம் பறிப்பது விடுதலையை மட்டுமே. உடல்நலத்தைப் பறிக்க எந்தச் சிறைக்கும் அதிகாரம் இல்லை.