ஏழு வாசல்களைத் திறந்த மருத்துவர்

படிவம் மூன்று முடியும் நேரத்தில் நம் வீடுகளில் ஒரு கேள்வி எழும். அடுத்து என்ன? அறிவியலா, வணிகமா, கலையா? கேள்வியில் மூன்று வழிகள் இருந்தாலும், பல வீடுகளில் பதில் முன்பே முடிவாகியிருக்கும். நல்ல புள்ளிகள் எடுத்த பிள்ளை அறிவியலுக்குப் போக வேண்டும். கொஞ்சம் குறைந்தால் வணிகம். இரண்டும் கிடைக்காவிட்டால் கலை. பிள்ளைக்கு எதில் ஆர்வம் என்பதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

எழுபது ஆண்டுகளுக்கு முன்பு இந்தியாவில் இதே சிக்கலை எடுத்து ஆராய்ந்தவர் ஒரு தமிழர். அவர் ஒரு மகப்பேறு மருத்துவர். பெயர் ஆற்காடு லட்சுமணசாமி முதலியார். மேல்நிலைப் பள்ளிப் பாடத்திட்டம் ஒரே பாதையாக இல்லாமல் பல பாதைகளாகப் பிரிய வேண்டும் என்று சுதந்திர இந்தியாவில் வலியுறுத்திய குழுவுக்குத் தலைமை ஏற்றவர் இவர்தாம்.

1887 அக்டோபர் 14-ஆம் நாள், இன்று ஆந்திர மாநிலத்தில் உள்ள கர்னூலில் இரட்டைப் பிள்ளைகள் பிறந்தனர். சற்று முன்னால் பிறந்தவர் ராமசாமி. பின்னால் பிறந்தவர் லட்சுமணசாமி. இருவரும் கர்னூலில் பள்ளிப் படிப்பை முடித்தார்கள். பிறகு சென்னைக்கு வந்து கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார்கள். பிறந்த வீடும் படித்த பள்ளியும் ஒன்றாக இருந்தாலும் அதற்குப் பிறகு பாதை பிரிந்தது. அண்ணன் சட்டம் படித்து, நீதிக்கட்சியின் முன்னணித் தலைவராகி, மைசூர் சமஸ்தானத்தின் திவானாகவும் ஐக்கிய நாடுகள் பொருளாதார சமூக மன்றத்தின் முதல் தலைவராகவும் உயர்ந்தார். தம்பி சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். ஒரே நேரத்தில் பிறந்து ஒரே பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கும் நாட்டம் வேறாக இருக்கலாம் என்பதற்கு லட்சுமணசாமி வேறெங்கும் சான்று தேட வேண்டியிருக்கவில்லை.

மருத்துவத்தில் அவர் தேர்ந்தெடுத்த துறை மகப்பேறு. பிரசவம் என்றாலே தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து அதிகம் இருந்த காலம் அது. தம் அனுபவத்தைத் திரட்டி 1938-இல் அவர் எழுதிய மகப்பேறு மருத்துவப் பாடநூல் இந்திய மருத்துவ மாணவர்களின் கைந்நூலாயிற்று. மருத்துவர் கிருஷ்ண மேனனின் பெயரையும் சேர்த்து அது இன்றும் புதிய பதிப்புகளாக வந்துகொண்டிருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர் என்ற பெருமையும் அவருக்கு உண்டு.

1942-இல் அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். 1969 வரை, தொடர்ந்து 27 ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார். அந்தக் காலத்தில் பல்கலைக்கழகம் என்றால் பெரும்பாலும் இலக்கியம், வரலாறு, சட்டம், அடிப்படை அறிவியல் ஆகியவைதாம் முதலில் நினைவுக்கு வரும். லட்சுமணசாமி அந்த எல்லையை விரிவாக்க முயன்றார். செட்டிநாட்டுத் தொழிலதிபர் அழகப்பச் செட்டியாரின் நன்கொடையால் 1944-இல் கிண்டியில் தொழில்நுட்பக் கல்லூரி உருவானது. 1947-இல் ஒரு பொதுக்கூட்டத்தில், வசதி படைத்தவர்கள் கல்லூரிகள் தொடங்க முன்வர வேண்டும் என்று லட்சுமணசாமி கேட்டுக்கொண்டார். அந்த இடத்திலேயே எழுந்து காரைக்குடியில் கல்லூரி தொடங்குவதாக அறிவித்தவரும் அழகப்பர்தாம். அறிவித்த அதே ஆண்டில் கல்லூரி திறக்கப்பட்டது.

ஆனால் கல்லூரிகளின் எண்ணிக்கை கூடினால் மட்டும் போதுமா? கல்லூரிக்கு வரும் மாணவனைத் தயார் செய்வது பள்ளி. கல்லூரிக்கு வராத மாணவனுக்கு வாழ்க்கைக்கான கடைசிக் கல்வியைத் தருவதும் பள்ளிதான். 1952 செப்டம்பரில் இந்திய அரசு இடைநிலைக் கல்விக் குழுவை அமைத்து, அதன் தலைவராக லட்சுமணசாமியை நியமித்தது. ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ஜான் கிறிஸ்டி, அமெரிக்காவிலிருந்து கென்னத் வில்லியம்ஸ் ஆகியோரும் உறுப்பினர்களாக இருந்தனர். பரோடாப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஹன்சா மேத்தாவும் குழுவில் இருந்தார். ஓராண்டுக்குள், 1953 ஆகஸ்டில், அறிக்கை தயாரானது. மக்கள் அதை முதலியார் குழு அறிக்கை என்றே அழைத்தார்கள்.

ஒரு நல்ல மருத்துவரைப் போல அந்த அறிக்கை முதலில் நோயைக் கண்டறிந்தது. பள்ளிப் படிப்பு வாழ்க்கையோடு ஒட்டவில்லை. பாடங்கள் ஏட்டோடு நின்றன. வகுப்புகளில் கூட்டம் அதிகம். மாணவன் சொந்தமாகச் சிந்திக்க இடமில்லை. பொதுத் தேர்வே எல்லாவற்றையும் ஆட்டிப்படைத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, இடைநிலைப் பள்ளி ஒரே ஒரு பாதையாக இருந்தது. அந்தப் பாதை பல்கலைக்கழகத்தை நோக்கி மட்டுமே போனது. பெரும்பாலான பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குப் போவதே இல்லை; ஆனாலும் எல்லோரும் அந்த ஒரே பாதையில் நடக்க வேண்டும். தடுக்கி விழுந்தவனின் பெயர் தோல்வியடைந்தவன்.

இதற்குக் குழு சொன்ன மருந்து ஏழு பிரிவுகள்: மானுடவியல், அறிவியல், தொழில்நுட்பம், வணிகம், வேளாண்மை, நுண்கலை, மனையியல். உயர்நிலைக் கட்டத்தின் முதல் ஆண்டில் எல்லோரும் பொதுவாகப் படிப்பார்கள். இரண்டாம் ஆண்டிலிருந்து ஒரு பிரிவைத் தேர்ந்து, அதிலிருந்து மூன்று பாடங்களைக் கூடுதலாகப் படிப்பார்கள்.

அதே நேரத்தில் எந்தப் பிரிவை எடுத்தாலும் மொழிகள், பொது அறிவியல், சமூகப் பாடம், ஒரு கைத்தொழில் ஆகியவை அனைவருக்கும் பொது. ஓவியம் எடுத்தவனும் அறிவியலின் அடிப்படையைத் தெரிந்திருக்க வேண்டும். வேதியியல் எடுத்தவனும் சமுதாயத்தைப் புரிந்திருக்க வேண்டும். பிரிவு என்பது கூடுதலாகத் திறக்கும் வாசல். மற்ற வாசல்களை இழுத்துப் பூட்டுவதற்கு அல்ல.

யார் எந்தப் பிரிவுக்குப் போவது என்பதையும் ஒரே தேர்வின் புள்ளிகளுக்கு விட்டுவிட அறிக்கை விரும்பவில்லை. பள்ளிதோறும் பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் வேண்டும். ஒவ்வொரு மாணவனின் ஆர்வத்தையும் திறமையையும் ஆண்டுதோறும் பதிந்துவரும் குறிப்பேடு வேண்டும் என்றது. இந்தப் பிரிவுகள் பலவும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் பள்ளிகளுக்குப் பல்நோக்குப் பள்ளிகள் என்று பெயர். வேளாண்மை படிப்பவனும் அறிவியல் படிப்பவனும் ஒரே வளாகத்தில் சமமாக நடமாட வேண்டும் என்பது அதன் பின்னால் இருந்த எண்ணம்.

நடந்தது என்ன? சில ஆண்டுகளில் ஏறத்தாழ 2,000 பல்நோக்குப் பள்ளிகள் உருவாயின. ஆனால் பட்டறைக்குக் கருவிகள் இல்லை, வேளாண்மைக்கு நிலம் இல்லை. தொழில்நுட்பமும் வணிகமும் கற்பிக்க ஆசிரியர்கள் கிடைக்கவில்லை. அவர்களைப் பயிற்றுவிக்க அஜ்மீர், போபால், புவனேஸ்வர், மைசூர் ஆகிய இடங்களில் மண்டலக் கல்லூரிகள் 1960-களில்தான் தொடங்கப்பட்டன. அதற்குள் பல பள்ளிகளில் பல்நோக்கு என்பது பெயர்ப் பலகையோடு நின்றுவிட்டது.

திட்டத்திலும் ஒரு குறை இருந்தது. பதினான்கு வயதுப் பிள்ளை தன் வாழ்நாள் பாதையை முடிவு செய்ய முடியுமா? 1964-இல் அமைந்த கோத்தாரி குழு இதை மறுபரிசீலனை செய்தது. முதல் பத்து ஆண்டுகள் எல்லோருக்கும் பொதுக்கல்வி, அதன் பின்னரே பிரிவுகள் என்றது. அந்த வழியில்தான் தமிழ்நாட்டில் 1978-இல் பிளஸ் டூ வந்தது. அதைக் காண லட்சுமணசாமி இல்லை. 1974-இல் அவர் காலமாகியிருந்தார்.

அவர் காட்டிய ஏழு வாசல்கள் காலப்போக்கில் பெரும்பாலும் மூன்றாகச் சுருங்கின: அறிவியல், வணிகம், கலை. அதைவிடப் பெரிய மாற்றம், பக்கம் பக்கமாக இருக்க வேண்டிய வாசல்கள் மேலும் கீழுமான படிகளாகிவிட்டன. அறிவியல் மேல்படி, வணிகம் நடுப்படி, கலை கீழ்ப்படி. எந்த அறிக்கையும் இப்படிச் சொல்லவில்லை. பெற்றோரும் பள்ளிகளும் வேலை கொடுப்பவர்களும் சேர்ந்து இதைக் கட்டினார்கள். மாணவர்களாகிய நாமும் அதை நம்பிவிட்டோம்.

நம் மலேசியாவிலும் 2020 முதல் படிவம் நான்கில் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய பாகுபாடு நீக்கப்பட்டு, பாடத் தொகுப்புகள் வந்துள்ளன. ஆனால் விதிமுறை மாறிய வேகத்தில் வீட்டுப் பேச்சு மாறவில்லை. கணக்கியலும் பொருளாதாரமும் பிடித்த பிள்ளை இன்றும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காக இயற்பியலோடு போராடுகிறது.

ஆகவே, தேர்வு செய்யப்போகும் மாணவ நண்பர்களே, மூன்று காரியங்களைச் செய்யுங்கள். இதுவரை எந்தப் பாடத்தை யாரும் சொல்லாமலே எடுத்துப் படித்தீர்கள் என்று எழுதிப் பாருங்கள். வழிகாட்டி ஆசிரியரைப் புள்ளிப் பட்டியலோடு மட்டுமல்லாமல் அந்தக் குறிப்போடும் சந்தியுங்கள். நீங்கள் எடுக்கும் தொகுப்பு எந்தெந்த மேற்படிப்புக்கு வழிவிடும், எதற்கு விடாது என்பதை இப்போதே கேட்டறியுங்கள். அறிவியல்தான் உங்கள் நாட்டம் என்றால் தயங்காமல் போங்கள். லட்சுமணசாமியும் அந்த வழியில் போனவர்தாம். அவருடைய அண்ணன் வேறு வழியில் போனார். அந்த வீட்டில் இருவரில் யாரும் தாழ்ந்துபோகவில்லை.