மலைக்குப் பச்சை உடுத்தியவர்

பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராக விளங்கிய ஹென்றி டிரைமன் 1896 ஆம் ஆண்டிற் காலமானபோது, இலங்கைத் தாவரங்களைப் பற்றிய அவரது பெருநூல் முற்றுப்பெறாது நின்றது. எஞ்சிய பாகங்களை எழுதி 1900 ஆம் ஆண்டில் நிறைவுசெய்தவர் ஜோசப் டால்டன் ஹூக்கர். அந்நூலின் வாயிலாக அவரை அறிந்த நான், அவர் வாழ்க்கையில் நம்மவர் அதிகம் அறியாத ஒரு பகுதியை ஈண்டுக் கூற விரும்புகிறேன்.

ஹூக்கர் 1817 ஆம் ஆண்டு இங்கிலாந்திற் பிறந்தார். தந்தையார் தாவரவியற் பேராசிரியர். கிளாஸ்கோவில் வைத்தியம் கற்ற மகனார், 1839 இல் தென்துருவம் நோக்கிப் புறப்பட்ட ‘எரபஸ்’ கப்பலில் உதவி வைத்தியராகச் சேர்ந்தார். வழியில், அத்திலாந்திக் சமுத்திரத்து எரிமலைத் தீவாகிய சென் ஹெலினாவைக் கண்டார். 1513 ஆம் ஆண்டளவிற் போர்த்துக்கேயர் கொணர்ந்த ஆடுகள் பெருகி இளங்கன்றுகளைத் தின்றமையால், அத்தீவின் காடுகள் அழிந்திருந்தன. உலகில் வேறெங்கும் இல்லாத மரங்கள் சில, மலையுச்சியில் ஒதுங்கி உயிர்வாழ்ந்தன.

1843 இல் தாயகம் திரும்பும் வழியில், அசென்சன் என்னும் மற்றோர் எரிமலைத் தீவையும் கண்டார். எங்கும் கற்குழம்பு இறுகிய பாறை. 859 மீற்றர் உயர்ந்த மலையின் மேற்பகுதியில் மட்டும் பன்னங்களும் பாசிகளும். அங்கு காவலிருந்த கடற்படையினருக்கோ நன்னீர் அரிது. மலையில் மரம் நட்டால் முகிலின் ஈரம் தங்கும் என்று 1847 இல் ஹூக்கர் ஆலோசனை கூறினார். பல நாட்டு மரஞ்செடிகள் கப்பலேறி வந்தன. மொட்டைமலை காடாயிற்று.

1866 இல் நொட்டிங்காமில் அவர் ஆற்றிய சொற்பொழிவு புகழ்பெற்றது. கண்டங்களிலிருந்து வந்த வித்துக்களின் வழித்தோன்றல்களே தீவுச் செடிகள் என்றும், தனித்து வளர்ந்த அவை ஆட்டுக்கும் அந்நியச் செடிக்கும் ஈடுகொடுக்கமாட்டா என்றும் அவர் விளக்கினார். அவர் பசுமையாக்கிய மலையிலும் அதுவே நிகழ்ந்தது. வந்த செடிகள் ஓங்க, அசென்சனுக்கே உரிய சிறு பன்னங்கள் இடமிழந்தன. சில அடியோடு மறைந்தன. 2003 இல் அழிந்ததென அறிவிக்கப்பட்ட ஒரு பன்னம், 2009 இல் மலைச்சரிவொன்றில் நான்கே செடிகளாக அகப்பட்டது. அதன் வித்திகளிலிருந்து புதுச்செடிகளை வளர்த்தெடுத்தது, 1865 முதல் 1885 வரை ஹூக்கர் பணிப்பாளராயிருந்த அதே கியூ பூங்காவாகும்.

1911 இல், தொண்ணூற்று நான்காம் வயதில் மறைந்த அப்பெரியாரைக் குறைகூறுவது என் நோக்கமன்று. நீரின்றி வாடியோருக்கு வழி தேடியவர் அவர். ஆயினும், மரம் நடுதல் எவ்விடத்தும் அறமே என நம்பும் நாம், நடுமுன் அம்மண்ணில் ஏற்கெனவே என்ன முளைத்திருக்கிறது என்று குனிந்து பார்த்தல் வேண்டும்.