ஆய்வுகூடத்து அறிஞர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

ஹற்றன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் கருவுற்ற தாய்மார் கிளினிக்குக்குப் போய்த் திரும்பும்போது கையில் கொண்டுவரும் மருந்துப் பொட்டலத்தில் போலிக்கமில மாத்திரையும் இருக்கும். இரத்தம் குன்றாதிருக்கவும், வயிற்றிலுள்ள பிள்ளையின் முள்ளந்தண்டு குறைபாடின்றி உருவாகவும் அது கொடுக்கப்படுகின்றது. அந்தப் போலிக்கமிலத்தை ஆய்வுகூடத்திலே முதன்முதல் செயற்கையாக ஆக்கிக் காட்டிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர், சென்னையில் படித்து, பரீட்சையில் இருமுறை தவறி, துறவியாகப் போக விரும்பித் தடுக்கப்பட்ட ஒருவர் என்பது எமது இளைஞரில் பலருக்குத் தெரியாது. டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ் என்னும் அப்பெரியாரின் சரிதையை இம்மலரில் சொல்ல விழைகின்றோம்.

அன்றைய சென்னை மாகாணத்துக் கோதாவரிப் பிரதேசத்தில், பீமவரம் என்னும் ஊரில் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் திகதி அவர் பிறந்தார். சுவாமி விவேகானந்தர் பிறந்ததும் ஜனவரி 12ஆம் திகதியே. ஆண்டு மட்டும் 1863. இது தற்செயலான பொருத்தமே எனினும், பின்னால் நடந்தவற்றை அறிந்தோர் இதனைச் சொல்லாமல் விடுவதில்லை. வீட்டிலே வறுமை. தந்தையார் நோயாளி. தாயார் வெங்கம்மா கண்டிப்பானவர். பிள்ளை பதின்மூன்று வயதில் வீட்டை விட்டு ஓடினான். காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்ப்பதே அவனது திட்டம். தாயார் விடவில்லை, பிடித்துக்கொண்டு வந்து மறுபடியும் பள்ளியிலே விட்டார். நகைகளை விற்றுப் படிக்க வைத்தார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இருமுறை தவறி, மூன்றாம் முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தோற்றித் தேறினார். சாதாரண தரத்தில் ஒருமுறை தவறியதும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கொழும்புக் கடைகளுக்குப் புறப்படும் எமது தம்பிமாரும், அவர்களை அனுப்பிவைக்கும் பெற்றோரும் இவ்விடத்தைச் சற்று நின்று வாசிப்பார்களாக.

சென்னையிலே படிக்கும் காலத்தில் அவருடைய உள்ளம் இராமகிருஷ்ண மடத்தை நாடியது. உலக வாழ்வை விட்டு அங்கே சேர விரும்பினார். தாயின் சம்மதம் வேண்டுமென்று மடத்தார் கூறினர், தாயார் சம்மதிக்கவில்லை. வைத்தியம் கற்றால் நோயாளருக்குச் சேவை செய்யலாமே என்று மடத்தார் காட்டிய வழியை ஏற்றுச் சென்னை வைத்தியக் கல்லூரியிலே சேர்ந்தார். காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் எழுந்த காலம் அது. கதராடை அணிந்து சத்திரசிகிச்சை வகுப்புக்குப் போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துப் பரீட்சைகளை நன்றாக எழுதியும், முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் அதற்குக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. பின்னர் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் விரிவுரையாளரானார்.

அவருடைய சகோதரர் இருவர் ஸ்புரூ என்னும் நோயால், சில நாள் இடைவெளியில், அடுத்தடுத்து இறந்தனர். சிறுகுடல் உணவின் சத்தை உறிஞ்ச மாட்டாமற் போவதே இந்நோய். ஓயாத வயிற்றோட்டம், உடல் மெலிவு, இரத்தம் வெளிறுதல், ஈற்றில் மரணம். சுப்பாராவையும் அதே நோய் பற்றியது. ஆயுர்வேத வைத்தியர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையால் அவர் பிழைத்தார். தம்முடன் பிறந்தோரைக் கொன்ற நோய் உடம்பினுள் எவ்வாறு வேலை செய்கின்றது என்பதை அன்று எந்த வைத்திய நூலும் அவருக்குச் சொல்லவில்லை.

1922ஆம் ஆண்டு அவர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். மாமனாரே பயணத்துக்கு உதவினார். இளம் மனைவி சேஷகிரியை ஊரிலே விட்டுச் சென்றார். சில ஆண்டுகளில் திரும்புவதாகத்தான் எண்ணம். அவர் போன பின் பிறந்த ஆண் குழந்தை சிறு பிராயத்திலேயே இறந்துவிட்டது. அவர் திரும்பவே இல்லை. மனைவியை மறுபடி காணவுமில்லை. பெரியார்களின் சரிதை எழுதுவோர் இத்தகைய இடங்களை ஒரு வரியிலே கடந்துவிடுவது வழக்கம். நாம் அப்படிக் கடக்க விரும்பவில்லை. மத்திய கிழக்கு நாடுகளுக்குப் பிழைக்கப் போனவர்களுக்காகக் காத்திருக்கும் வீடுகள் எமது லயங்களிலும் உண்டு. காத்திருத்தல் என்றால் என்னவென்று இங்கே யாரும் விளக்கத் தேவையில்லை. உலகம் அவருக்குக் கடன்பட்டதென்றால் அக்கடனில் ஒரு பங்கு சேஷகிரி அம்மையாருக்கும் உரியது.

பொஸ்டன் நகரில் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தின் வெப்பவலய வைத்தியக் கல்லூரியில் சேர்ந்து டிப்ளோமாப் பெற்றார். அவருடைய இந்தியப் பட்டம் அங்கே வைத்தியத் தொழில் செய்யப் போதுமானதாகக் கொள்ளப்படவில்லை. வயிற்றுப் பாட்டுக்காக ஒரு வைத்தியசாலையில் இரவு நேரச் சிற்றூழியராக வேலை செய்தார். நோயாளரின் மலசலப் பாத்திரம் கழுவுவதும் அவ்வேலையில் அடங்கும். வைத்தியப் பட்டம் பெற்ற ஒருவர் இரவிலே அதைச் செய்து பகலிலே ஆய்வுகூடத்துக்குப் போனார்.

அந்த ஆய்வுகூடத்தில் சைரஸ் பிஸ்க் என்பவரின் கீழ் அவர் மேற்கொண்ட முதற் பெரும் பணி, இரத்தத்திலும் உடற்கலங்களிலும் உள்ள பொசுபரசின் அளவை அறியும் முறையை வகுத்தது. எமது தேயிலைத் தொழிற்சாலைகளில் டீமேக்கர் ஐயா கோப்பைகளை வரிசையாக வைத்துச் சாயத்தின் நிறத்தைப் பார்த்தே தேயிலையின் தரத்தை மதிப்பிடுவதை நாம் கண்டிருக்கின்றோம். ஏறக்குறைய அதுபோன்றதே இதுவும். இரத்தத்திலிருந்து எடுத்த திரவத்தில் சில இரசாயனங்களைச் சேர்த்தால் நீல நிறம் தோன்றும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பொசுபரசு. முறை எளிது; ஆனால் நம்பத்தக்க எளிய முறை அதற்கு முன் இருக்கவில்லை. 1925ஆம் ஆண்டு வெளியான இம்முறை பிஸ்க்–சுப்பாராவ் முறை என வழங்கலாயிற்று. உயிர் இரசாயனம் கற்கும் மாணவர் இப்பெயரைத் தவறாது அறிவர்.

நல்ல அளவுகோல் கைக்கு வந்தால் முன்பு தெரியாதவை தெரியவரும். தசை சுருங்குவதற்கு இலற்றிக்கமிலமே காரணம் என்று அக்காலத்தில் நம்பினார்கள். தசையாராய்ச்சிக்காக 1922ஆம் ஆண்டின் நோபல் பரிசு ஹில், மயரோவ் என்னும் இருவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. தசையில் பொசுபரசை அளந்தபோது பிஸ்கும் சுப்பாராவும் வேறொன்றைக் கண்டனர். பொசுபோகிரியற்றின் என்னும் பொருள் தசை வேலை செய்யும்போது உடைகின்றது. ஓய்வு கொள்ளும்போது மீண்டும் சேர்கின்றது. இது 1927ஆம் ஆண்டு. 1929ஆம் ஆண்டு இன்னொன்றையும் பிரித்தெடுத்தனர். அதுவே அடினோசின் முப்பொசுபேற்று, சுருக்கமாக ஏ.ரி.பி. அதே ஆண்டில் ஜெர்மனியிலே கார்ல் லோமன் என்பவரும் தனியே இதனைக் கண்டறிந்தார்.

ஏ.ரி.பி.யின் பெருமை பின்னரே முழுதும் விளங்கிற்று. புல்லானாலும் மனிதனானாலும், உயிருள்ள கலம் ஒவ்வொன்றும் தன் வேலைக்கான சக்தியை இதன் வாயிலாகவே செலவிடுகின்றது. செங்குத்தான மலையிலே கொழுந்துக் கூடையைச் சுமந்து நின்று, கண் இமைக்கும் நேரத்தில் இரண்டு இலையும் மொட்டுமாகக் கிள்ளும் எமது தாய்மாரின் விரல்கள் அசைவதும் இதனாலேதான்.

இவ்வளவு செய்தவருக்கு ஹார்வார்டில் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1930ஆம் ஆண்டு கலாநிதிப் பட்டம் பெற்ற பின்னும் சிறிய பதவியிலே பத்தாண்டு கழிந்தது. அந்த ஆய்வுகூடத்தில் பயின்று, பின்னர் 1988ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு பெற்ற ஜோர்ஜ் ஹிட்சிங்ஸ், சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருள்கள் வெளியுலகுக்கு அறிவிக்கப்படாமற் போனதாலே மற்றவர்கள் அவற்றைப் பல ஆண்டுகளின் பின் புதிதாகக் கண்டுபிடிக்க நேர்ந்தது என்றும், அதற்கு பிஸ்கின் பொறாமையே காரணமாகத் தோன்றியது என்றும் பின்னாளில் தெரிவித்தார். சுப்பாராவின் கூச்ச சுபாவமும் இதற்கு உதவி செய்திருக்கலாம் என்பது எமது எண்ணம். தம் பெயரை முன்வைத்து வாதாடும் பழக்கம் அவருக்கு என்றுமே இருக்கவில்லை. கேளாதவனுக்குக் கிடைப்பது அரிது என்பதைத் தோட்டத்திலே பிறந்த எவரும் அறிவர்.

1940ஆம் ஆண்டு அவர் ஹார்வார்டை விட்டு, நியூயோர்க் மாநிலத்துப் பேர்ள் றிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். வெகு சீக்கிரத்தில் அங்கே ஆராய்ச்சித் தலைவரானார். அவர் உள்ளத்தில் கிடந்த பழைய கேள்விக்கு இங்கேதான் பதில் கிடைக்கத் தொடங்கிற்று.

அதற்குப் பத்தாண்டுக்கு முன்னரே பம்பாயில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் வைத்தியர், ஆலைத் தொழிலாளரான கர்ப்பிணிகளைப் பற்றிய குருதிச்சோகையை ஆராய்ந்திருந்தார். ஈஸ்ட் சாரமாகிய மார்மைற், அந்தப் பெண்களின் இரத்தத்தைச் சீர்படுத்துவதைக் கண்டு 1931ஆம் ஆண்டு அறிவித்தார். இலங்கையிலே பல வீடுகளின் சாப்பாட்டு மேசையில் இருக்கும் அதே மார்மைற்தான். அதிலுள்ள எந்தப் பொருள் இவ்வேலையைச் செய்கின்றது என்பது தெரியவில்லை. 1941ஆம் ஆண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் நான்கு தொன் பசளிக்கீரையிலிருந்து சிறிதளவு பொருளைத் திரட்டி, இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லைக் கொண்டு அதற்குப் போலிக்கமிலம் எனப் பெயரிட்டனர். நான்கு தொன் கீரைக்குச் சிறிதளவு மருந்து என்றால் ஏழைக்கு அது எங்ஙனம் எட்டும்? ஆகையால் அதன் அமைப்பைத் துருவி அறிந்து இரசாயன முறையில் ஆக்குவதே வழி எனச் சுப்பாராவ் கண்டார். அவருடைய குழுவினர் 1945ஆம் ஆண்டு அதனைச் செய்து முடித்தனர். ஸ்புரூ நோயாளருக்கு அம்மருந்து கொடுக்கப்பட்டபோது வெளிறிய இரத்தம் தேறியது. சகோதரர் இருவரும் அப்பொழுது உயிரோடிருந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடும்.

கலம் இரண்டாகப் பிரிவதற்கு முன் தன் கருவிலுள்ள மரபுப் பொருளை இன்னொரு படியாக ஆக்கிக்கொள்ள வேண்டும். அதற்குப் போலிக்கமிலம் இன்றியமையாதது. இரத்தம் இடைவிடாது புதுப்பிக்கப்படும் பொருளாதலால் இக்குறை முதலில் இரத்தத்திலே தெரிகின்றது. இதையே திருப்பிப் பார்த்தால் என்ன? வெண்குருதிப் புற்றுநோயில் வெண்கலங்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன. அவற்றுக்குப் போலிக்கமிலம் கிடைக்காமற் செய்தால்? பொஸ்டனில் சிறுவர் வைத்தியசாலையில் இருந்த சிட்னி பார்பர் இக்கேள்வியை எழுப்பினார். அதற்கான பொருளைச் சுப்பாராவின் ஆய்வுகூடம் ஆக்கிக் கொடுத்தது. போலிக்கமிலத்தைப் போலவே தோற்றமுடைய, ஆனால் வேலை செய்யாத அப்பொருளுக்கு அமினோப்தெரின் என்று பெயர். கலத்தினுள் போலிக்கமிலத்தைப் பயன்படும் வடிவுக்கு மாற்றும் புரதம் ஒன்று உண்டு; அது ஒரு நொதியம். அமினோப்தெரின் அந்தப் புரதத்திலே போய்ப் பொருந்திக்கொள்கின்றது. பூட்டிலே நுழைந்து, திரும்பவும் மாட்டாமல் வெளியே வரவும் மாட்டாமல் சிக்கிக்கொண்ட சாவியைப்போல. இந்த நுட்பம் பத்தாண்டுகளின் பின்னரே விளங்கிற்று. ஆயினும் 1948ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பார்பர் வெளியிட்ட அறிக்கையில், மருந்து பெற்ற பதினாறு பிள்ளைகளில் பத்துப் பேருக்கு நோய் தணிந்தது காட்டப்பட்டது. தணிவு தற்காலிகமானதே, நோய் திரும்பி வந்தது. எனினும் அதற்கு முன் அந்நோய்க்கு எதிராக மருந்து என்று சொல்லத்தக்க ஒன்றும் இல்லை. அமினோப்தெரினின் உடன்பிறப்பான மெதொட்ரெக்சேற்றும் லெடர்லியிலே உருவானதுதான். இன்றும் வெண்குருதிப் புற்றுநோய்ப் பிள்ளைகளின் சிகிச்சையிலும், மூட்டுவாத நோயாளரின் மாத்திரைகளிலும் அது இடம்பெறுகின்றது.

வேறு இரண்டையும் சொல்லியாக வேண்டும். அவர் தலைமையில் பெஞ்சமின் டகர் என்னும் முதிய தாவரவியலாளர் மண்ணிலுள்ள நுண்ணுயிரொன்றிலிருந்து பெற்ற ஓரியோமைசின், தெத்திராசைக்கிளின் வகை நுண்ணுயிர்கொல்லிகளில் முதலாவது, 1948இல் வெளிவந்தது. மற்றது யானைக்கால் நோய்க்கான ஹெற்றசான், 1947ஆம் ஆண்டின் மருந்து. குளிர்ந்த மலையிலே வாழும் நமக்கு இந்நோய் பழக்கமில்லை. கரையோர மாவட்டங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்தது. 2002 முதல் 2006 வரை மேல், வடமேல், தென் மாகாணங்களின் மக்களுக்கு ஆண்டுதோறும் இம்மருந்து மற்றொரு மருந்துடன் சேர்த்து வழங்கப்பட்டது. 2016ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் யானைக்கால் நோயை இலங்கை ஒழித்துவிட்டதாக அறிவித்தது.

அமெரிக்காவில் இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் உழைத்தும் சுப்பாராவ் அந்நாட்டுப் பிரஜையாகவில்லை. 1946ஆம் ஆண்டுவரை இந்தியருக்கு அங்கே பிரஜாவுரிமை பெறச் சட்டத்தில் இடமில்லை. அதன் பின் கிடைத்த வாய்ப்பையும் அவர் நிறைவேற்றிக்கொள்ளவில்லை. 1948ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், பேர்ள் றிவரிலே, உறக்கத்தில் மாரடைப்பால் இறந்தார். வயது ஐம்பத்து மூன்று. எமது பாட்டன் பாட்டிமாரைப் பிரஜாவுரிமை அற்றவராக்கிய சட்டம் கொழும்புப் பாராளுமன்றத்தில் நிறைவேறியதும் அதே ஆகஸ்ட் மாதத்திலேதான்.

நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. 1953ஆம் ஆண்டு ஒரு பூஞ்சண இனத்துக்கு அவர் நினைவாகச் சுப்பாரோமைசிஸ் என்று பெயர் சூட்டினார்கள். நூற்றாண்டு நிறைவான 1995இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த தபால் முத்திரையை வெளியிட்டது.