வளநாட்டில் பசித்த படை

நுழையும்முன்

பாலைநிலங்களில் வழிதவறி, நீரும் உணவுமின்றி அழிந்த படைகளைப் பற்றி உலக வரலாறு பல இடங்களில் கூறுகிறது. நெல்வளத்தால் பெயர்பெற்ற காவிரிச் சமவெளியிலும் ஒரு படை பசியால் நலிந்து திரும்பியது என்பது வியப்புக்குரிய செய்தியாகும். 1758 ஆம் ஆண்டில் காரைக்கால் வழியாகத் தஞ்சைமீது சென்ற பிரெஞ்சுப் படையே அது. அதனை நடத்திச் சென்ற லாலியின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பிறப்பும் இளமையும்

தாமஸ் ஆர்தர் லாலி 1702 ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் ரோமான் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை அயர்லாந்திலிருந்து வந்து பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர். ஆங்கிலேயர்மீது தந்தை கொண்டிருந்த பகை மகனையும் பற்றிக்கொண்டது. 1745 ஆம் ஆண்டு நடைபெற்ற ஃபோந்தனுவா போரில் லாலி அயர்லாந்துப் படைப்பிரிவில் நின்று போரிட்டுப் புகழ் பெற்றார். அஞ்சாமையும் நேர்மையும் அவருடைய சிறப்புகள். கடுஞ்சினமும் பிறர் அறிவுரையை மதியாமையும் அவருடைய குறைகள்.

இந்திய வருகை

1756 இல் ஏழாண்டுப் போர் மூண்டது. ஆங்கிலேயரை இந்தியாவிலிருந்து அகற்றும் பொறுப்பு லாலியிடம் ஒப்படைக்கப்பட்டது. ஏறத்தாழ ஓராண்டுக் கடற்பயணத்திற்குப் பின், 1758 ஏப்ரல் 28 அன்று அவர் புதுச்சேரியை அடைந்தார். ஐந்து வாரங்களுக்குள் கடலூரும் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையும் அவர் வசமாயின. ஆயினும் அவ்வெற்றிக்குள்ளேயே தோல்வியின் வித்தும் இருந்தது. வண்டிகளும் மாடுகளும் போதாமையால், புதுச்சேரிக் குடிமக்களை அவர்தம் வழக்கங்களைக் கருதாது சுமை இழுக்க வற்புறுத்தினார். மக்கள் அவரைக் கண்டு அஞ்சி விலகினர்.

தஞ்சைப் படையெடுப்பு

அடுத்து அவர் சென்னையைக் கைப்பற்ற விரும்பினார். புதுச்சேரிக் கருவூலமோ வெறுமையாக இருந்தது. கடற்படைத் தலைவர் தாஷேயும் உடன்வர மறுத்தார். இந்நிலையில், தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிங் முன்னொரு போரின்போது எழுதிக்கொடுத்த கடன்பத்திரம் நினைவுக்கு வந்தது. அதன்படி பிரெஞ்சுக்காரருக்கு வரவேண்டிய தொகை ஏறத்தாழ 56 இலட்சம் ரூபாய். அதனைப் பெறுவதற்காக 1758 ஜூன் திங்களில் லாலி தெற்கே புறப்பட்டார். வழியில் உணவுக்கு என்ன ஏற்பாடு என்பதை அவர் ஆராயவில்லை.

கொள்ளிடக் கரையிலிருந்த தேவிகோட்டையில் வீரர்களுக்கு நெல் கிடைத்தது. ஆனால் அதனைக் குற்றி அரிசியாக்கித் தர ஆளில்லை. பசித்த வயிற்றுடன் நடந்து, 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த காரைக்காலை அடைந்தனர். ஒரு பெரும் படைக்குப் போதுமான உணவு அங்கும் சேர்த்து வைக்கப்படவில்லை.

நாகூர் சூறையாடப்பட்டது. கீழ்வேளூர்க் கோயிலில் புதையல் தேடித் தோண்டியும் எதிர்பார்த்த செல்வம் கிடைக்கவில்லை. அங்கே அந்தணர் அறுவரை ஒற்றர் எனக் கருதிப் பீரங்கி வாயில் வைத்துக் கொல்லச் செய்தார் லாலி. இச்செய்தி பரவியதும் ஊர்கள் வெறிச்சோடின. விற்க வேண்டியவர்கள் ஓடி ஒளிந்தனர். எஞ்சிய கால்நடைகளைத் தஞ்சைக் குதிரைப்படையினர் ஓட்டிச் சென்றனர். வயல்சூழ்ந்த நாடு அப்படைக்குப் பாலையாயிற்று.

முற்றுகையும் பின்வாங்கலும்

ஜூலை நடுவில் படை தஞ்சையை அடைந்தது. பிரதாபசிங் பேச்சுவார்த்தையால் காலத்தை நீட்டித்தார். திருச்சிராப்பள்ளியிலிருந்து ஆங்கிலேயர் உதவியும் அவருக்குக் கிடைத்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில் பீரங்கிகள் முழங்கிக் கோட்டைச்சுவர் சிறிது பிளந்தது. ஆனால் அதற்குள் வெடிமருந்து தீரும் நிலையை எட்டியது; உணவோ இரு நாள்களுக்கே போதுமானதாக இருந்தது. ஆகஸ்ட் 3 அன்று நிகழ்ந்த கடற்போரில் தாஷே பின்னடைந்தார் என்றும், ஆங்கிலேயக் கப்பல்களால் காரைக்காலுக்கு ஆபத்து நேர்ந்துள்ளது என்றும் செய்தி வந்தது. படைத்தலைவர்களுள் பெரும்பாலோர் திரும்புவதே நன்று என்றனர்.

பெரும் பீரங்கிகளைச் செயலிழக்கச் செய்து அங்கேயே விட்டுவிட்டுப் படை திரும்பியது. தஞ்சைக் குதிரைப்படை விடாது பின்தொடர்ந்தது. பசியாலும் தாகத்தாலும் வருந்திய வீரர்கள் ஆகஸ்ட் 18 அன்று காரைக்காலை அடைந்தபோது, ஆற்று முகத்துவாரத்திற்கு எதிரே ஆங்கிலேயக் கப்பல்கள் நங்கூரமிட்டு நின்றன.

வீழ்ச்சியும் முடிவும்

அதன்பின் லாலி மேற்கொண்ட சென்னை முற்றுகையும் பயனளிக்கவில்லை. 1760 ஜனவரியில் வந்தவாசிப் போரில் அவர் தோற்றார். அவ்வாண்டு ஏப்ரலில் காரைக்காலும், 1761 ஜனவரி 16 அன்று புதுச்சேரியும் ஆங்கிலேயர் வசமாயின. சிறைப்பட்டு இங்கிலாந்து சென்ற லாலி, தம்மீது சுமத்தப்பட்ட பழியைத் துடைக்கத் தாமே விரும்பிப் பிரான்சுக்குத் திரும்பினார். அங்கே பஸ்தீய் சிறையில் அடைக்கப்பட்டு, அரசின் நலனைக் காட்டிக்கொடுத்தவர் எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, 1766 மே 9 அன்று பாரிசில் தலை துண்டிக்கப்பட்டார்.

அவருடைய மகன் தந்தையின் பெயரை மீட்கப் போராடினார். அறிஞர் வால்டேர் துணைநின்றார். 1778 இல் அத்தீர்ப்பு நீக்கப்பட்டது. லாலி தம் நாட்டுக்கு இரண்டகம் செய்தவர் அல்லர் என்பதை இன்றைய வரலாற்றறிஞர்கள் ஏற்கின்றனர். எனினும் கீழ்வேளூரில் மடிந்தவர்களுக்கும் நாகூரில் உடைமை இழந்தவர்களுக்கும் எந்த மன்றமும் நீதி வழங்கவில்லை. நாட்டை வெல்ல வந்தவர் அந்நாட்டு மக்களை மதிக்கவில்லை. அம்மக்கள் விலகி நின்றபோது, நெல் விளையும் மண்ணில் அவருடைய படைக்குச் சோறு கிடைக்கவில்லை.