மகான்கள் போதாது: அம்பேத்கர் வாழ்வில் அறப்பொறுப்பு

சாதி குறித்த விவாதம் சூடுபிடிக்கும்போதெல்லாம் மகான்களின் பெயர்கள் வந்து விழும். நந்தனாரை நாயன்மாராக ஏற்ற மதம் அல்லவா, சொக்கமேளரையும் ரவிதாசரையும் கொண்டாடிய மண் அல்லவா என்று கேட்பார்கள். ஒரு மதத்தை அதன் தலைசிறந்த மனிதர்களைக் கொண்டு அளக்க வேண்டும் என்பது இக்கேள்வியின் உட்பொருள். அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கை முழுவதையும் இதற்கான மறுமொழியாகவே வாசிக்கலாம்.

1891 ஏப்ரல் 14 அன்று மோவ் ராணுவக் குடியிருப்பில் பிறந்த பீமராவ் பக்தி நிறைந்த வீட்டில் வளர்ந்தார். தந்தை ராம்ஜி சக்பால் கபீர் நெறியைப் பின்பற்றியவர். பிள்ளைகளை ராமாயணமும் மகாபாரதமும் வாசிக்க வைத்தார். பிராமணர், சத்திரியர் பெருமை பேசும் நூல்களை நாம் ஏன் படிக்க வேண்டும் என்று மகன் கேட்டார். தீண்டப்படாதோர் பிள்ளைகளுக்குத் தாழ்வு மனப்பான்மை வந்துவிடக்கூடாது என்றார் தந்தை. எளிய நிலையிலிருந்து உயர்ந்த துரோணரையும் கர்ணனையும் வால்மீகியையும் எடுத்துக்காட்டினார். மகனுக்கு அது நிறைவு தரவில்லை. சொல்லொன்று செயலொன்றாக வாழ்ந்த பீஷ்மரும் துரோணரும், வாலியிடமும் சீதையிடமும் ராமன் நடந்துகொண்ட விதமும் தமக்கு ஏற்புடையன அல்ல என்றார். தந்தை மௌனமானார். தம் இறுதி ஆண்டில் எழுதிய ஒரு முன்னுரையில் அம்பேத்கரே இதைப் பதிவு செய்துள்ளார். மாணவப் பருவத்தில் கேளுஸ்கர் பரிசளித்த புத்தர் வரலாற்றை அவர் திறந்தபோது, போற்றப்படுபவரின் செயலையும் எடைபோடும் பழக்கம் அவருக்கு ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது.

1917இல் கொலம்பியா, லண்டன் படிப்புக்குப் பின் பரோடா அரசுப் பணியில் சேர்ந்தார். சாதியை மறைத்துத் தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து, தடிகளோடு வந்த கூட்டத்தால் வெளியேற்றப்பட்டார். அன்று அவர் நினைத்துப் பார்த்த நண்பர்கள் இருவர். இந்து நண்பர், இவர் வந்தால் தம் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். பிராமணக் குடும்பத்திலிருந்து கிறித்தவரான மற்றவர், மனைவியைக் கலந்துகொள்ள வேண்டும் என்றார். இருவரும் கொடியவர்கள் அல்லர். தங்கள் முடிவைப் பிறர் தலையில் ஏற்றிவைத்தார்கள், அவ்வளவே. சாதி இப்படிப்பட்ட நல்லவர்களின் துணையோடும்தான் நிலைக்கிறது.

பொதுக்குளங்களைத் தீண்டப்படாதோருக்குத் திறந்துவிடும் தீர்மானத்தைப் பம்பாய் சட்டமன்றம் 1923இல் நிறைவேற்றியது. மகாட் நகராட்சியும் மறு ஆண்டு அதை ஏற்றது. ஆயினும் சவதார் குளத்தில் ஒருவரும் இறங்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் சென்று நீர் அருந்தினர். சாதி இந்துக்கள் தாக்கினர்; பிறகு பசுஞ்சாணமும் கோமியமும் கலந்த பானைகளைக் கொட்டிக் குளத்தைத் தூய்மைப்படுத்தினர். அந்தத் தீட்டுக்கு ஆதாரமாகச் சொல்லப்பட்ட மனுஸ்மிருதி அவ்வாண்டு டிசம்பர் 25 அன்று அங்கேயே எரிக்கப்பட்டது. தீர்மானத்தை முன்மொழிந்தவர் பிராமணராகப் பிறந்த சகஸ்ரபுத்தே. பிறப்பும் நூலும் விதித்ததைத் தாண்டித் தன் முடிவைத் தானே எடுக்க ஒருவரால் இயலும் என்பதற்கு அவரே சான்று. குளத்தின் மீதான உரிமையைப் பம்பாய் உயர்நீதிமன்றம் உறுதிசெய்ய 1937 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்குள்ளும் இக்கேள்வி வந்தது. மனைவி ரமாபாய் பண்டரிபுரம் சென்று விட்டலனைத் தரிசிக்க விரும்பினார். அம்பேத்கர் பிறந்த மகார் சாதியில் தோன்றிய சொக்கமேளர், அந்தக் கோயிலுக்கு வெளியே நின்றே பாடியவர். பல நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அவர் மக்களுக்கு அதே வெளிவாசல்தான். வெளியில் நிறுத்தும் கோயிலுக்குப் போக வேண்டாம், வேறொரு பண்டரிபுரத்தை நாமே படைப்போம் என்றார் அம்பேத்கர். ரமாபாய் 1935 மே மாதத்தில் மறைந்தார். அவ்வாண்டு அக்டோபரில், இந்துவாகச் சாகமாட்டேன் என்று இயோலாவில் அம்பேத்கர் அறிவித்தார்.

அடுத்த ஆண்டு லாகூர் மாநாட்டுக்கென எழுதிய உரையை, அமைப்பாளர்கள் அஞ்சிக் கைவிட்டதால், அவரே நூலாக வெளியிட்டார். சாதி ஒழிப்பு என்று நாம் அறியும் அந்நூலில் விதிக்கும் கோட்பாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குகிறார். விதி, இன்னதை இப்படிச் செய் என்கிறது. கோட்பாடு, செய்வதைச் சீர்தூக்கிப் பார்க்க ஓர் அளவுகோலைத் தருகிறது. கோட்பாடு தவறாகவே இருந்தாலும் அதன்படி நடப்பவர் அறிந்து நடக்கிறார், பொறுப்பேற்கிறார். விதி சரியாகவே இருந்தாலும் அதன்படி நடப்பது இயந்திரச் செயல். பொறுப்புக்கு இடம் தராத விதித்தொகுப்பு மதம் என்ற பெயருக்கே தகுதியற்றது என்பது அவர் முடிவு.

இதற்குக் காந்தியார் ஹரிஜன் இதழில் எழுதிய மறுப்பில் சைதன்யர், ஞானதேவர், துக்காராம், திருவள்ளுவர் முதலியோரை முன்னிறுத்தினார். அம்பேத்கரின் பதில் கூர்மையானது. கடவுள் முன் அனைவரும் சமம் என்ற ஞானிகள், மனிதர் முன் மனிதர் சமம் என்று போராடவில்லை. மேலும், ஞானி சாதியை மீறலாம், சாமானியன் மீறலாகாது என்றே மக்களுக்குக் கற்பிக்கப்பட்டது. ஆகவே ஞானி வணங்கப்பட்டார், பின்பற்றப்படவில்லை. நந்தனாரைத் தொழுதவர்கள் சேரி மக்களுக்குக் கோயில் கதவை அடைத்துவைத்த நம் வரலாற்றுக்கும் இதுவே விளக்கம். ஆனாலும் அம்பேத்கர் அந்த அடியார்களை இகழவில்லை. தீண்டப்படாதோரின் தோற்றம் குறித்து 1948இல் வெளியிட்ட நூலை நந்தனார், ரவிதாசர், சொக்கமேளர் நினைவுக்கே காணிக்கையாக்கினார். மதிப்பது வேறு, நம் மனச்சான்றை ஒப்படைப்பது வேறு.

அரசியலமைப்பிலும் இப்பார்வையின் தடம் உண்டு. 13ஆம் பிரிவின்படி, வழக்காறு எனினும் அடிப்படை உரிமைக்கு முரணானால் செல்லாது. தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் பிரிவு அரசை மட்டுமின்றித் தனிமனிதரையும் கட்டுப்படுத்துகிறது. ஊர்க் கட்டுப்பாடு, பெரியவர்கள் பேச்சு என்று சொல்லி இரட்டைக் குவளை வைத்தவர் தப்ப முடியாது. குவளையை எடுத்துவைத்த கை அவருடையது. 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில், அரசியலில் பக்தி சர்வாதிகாரத்துக்கே இட்டுச்செல்லும் என எச்சரித்தார். சாத்திரங்களைக் காட்டி எதிர்க்கப்பட்ட இந்து சட்டத்தொகுப்பு மசோதா கைவிடப்பட்டபோது, 1951இல் அமைச்சர் பதவியைத் துறந்தார்.

அவருக்கும் குருமார் இருந்தனர்: புத்தர், கபீர், புலே. ஆயின் அவர் கண்ட புத்தர் வழிகாட்டியே தவிர, வீடுபேறு வழங்குபவர் அல்லர். தமக்கு வாரிசை நியமிக்க மறுத்தவர். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் பௌத்தம் ஏற்றார். திரண்டிருந்த லட்சக்கணக்கானோருக்கு 22 உறுதிமொழிகளைத் தாமே செய்வித்தார். அவையும் விதிகள்தாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அவை நீ செய் என்று கட்டளையிடவில்லை. ஒவ்வொருவரும் நான் என்று சொல்லி ஏற்கும் வடிவில் அமைந்தவை. ஏற்பவரே அவற்றுக்குப் பொறுப்பு. ஏழரை வாரங்களில், டிசம்பர் 6 அன்று, அவர் மறைந்தார்.

இன்று அவர் படத்துக்கும் மாலை விழுகிறது. அண்ணல் சொல்லிவிட்டார் என்ற ஒரு வரியில் நம் கூட்டங்களிலும் விவாதம் முடிந்துவிடுவதுண்டு. உட்சாதிப் பாகுபாட்டிலும், வீட்டுப் பெண்களின் உரிமையிலும், பிள்ளைகளின் திருமணத்திலும் முடிவெடுக்க வேண்டிய இடத்தில் சிலை பேசாது. அங்கே நாம் என்ன செய்தோம் என்பதற்கு நாம்தான் விடை சொல்ல வேண்டும்.